கை அவருடையது, கணக்கு யாருடையது?

(குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பற்றி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றிப் பேசப் போகிறோம். தொழிலாளர் கூட்டத்தில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. இந்த வீரர் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவரின் மகன். வாலிப வயதில் மோட்டார் ஆலையில் உழைத்தவர். ஹெவிவெயிட் என்று சொல்லப்படுகிற, ஆகப் பெரிய ஆட்கள் மோதுகிற பிரிவில், 1937-லிருந்து 1949 வரை, 11 ஆண்டு 8 மாத காலம் உலக சாம்பியனாக இருந்தவர். அந்தப் பட்டத்தைப் பறிக்க வந்தவர்களை 25 தடவை தோற்கடித்து அனுப்பியவர்.

அப்படிப்பட்டவர் முதுமையில் என்ன செய்தார்? லாஸ்வேகாஸ் நகரத்தில் ஒரு பெரிய சூதாட்ட விடுதியில், வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்பு சொல்லும் வேலை பார்த்தார். உலகத்தையே வென்ற கை ஏன் கடைசியில் பிழைப்புக்காக ஊரார் கையைக் குலுக்க வேண்டி வந்தது? நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பருத்திக் காட்டில் பிறந்தவர்

அவர் முழுப் பெயர் ஜோ லூயிஸ் பாரோ. 1914-ம் ஆண்டு மே 13-ந் தேதி, அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், லாஃபாயெட் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது பிள்ளை. தந்தை மன்ரோ, தாய் லில்லி. இருவரும் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் நிலம் யாரிடம் இருந்தது? பழைய எஜமானர்களிடமே இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்குக் கையும் காலும்தான் சொத்து. ஆகவே அதே எஜமானர்களின் நிலத்தை வாரத்துக்கு உழுதார்கள். விதை, கோவேறு கழுதை, ஆண்டு முழுவதும் சாப்பிடத் தானியம் எல்லாம் நிலக்காரர் கடனாகக் கொடுப்பார். பருத்தி எடுத்தபின் பாதி அவருக்கு. மீதிப் பாதியில் கடனும் வட்டியும் பிடித்தம். கணக்குப் புத்தகம் யார் கையில்? அதுவும் நிலக்காரர் கையில்தான். உழைத்தவன் போய் நிற்பான். இந்த வருஷமும் உன்மேல் பாக்கி நிற்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். எதிர்த்துக் கேட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் பெரியவர்கள் சொன்னது அலபாமாவுக்கும் பொருந்துகிறது. இந்தக் கணக்குப் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோ லூயிஸின் வாழ்க்கை முழுவதும் அது அவர் பின்னாலேயே வருகிறது.

ஜோவுக்கு இரண்டு வயதாகும்போது தந்தை மனநிலை கெட்டு ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டார். அவர் இறந்துவிட்டார் என்று வீட்டுக்குச் செய்தி வந்தது. அந்தச் செய்தி பொய். மகன் உலக சாம்பியன் ஆனதுகூடத் தெரியாமல் அந்த மனிதர் 1938-ல்தான் கண்மூடினார். தாய் லில்லி பாட் புரூக்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறியர் கூட்டத்தின் மிரட்டல் ஒரு பக்கம், வறுமை ஒரு பக்கம். 1926-ல் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குப் புறப்பட்டது.

மோட்டார் ஆலை

டெட்ராய்ட் மோட்டார் நகரம். அங்கே ஃபோர்டு கம்பெனி கறுப்பர்களுக்கும் வேலை கொடுத்தது. ஆனால் எந்த வேலை? இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை போன்ற, வெக்கையும் ஆபத்தும் மிகுந்த இடங்களில்தான் பெரும்பாலான கறுப்புத் தொழிலாளிகளைத் தள்ளினார்கள். ஜோவின் அண்ணன் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்தார்.

1929-ல் பொருளாதார நெருக்கடி வெடித்தது. ஆலைகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே தள்ளின. ஜோவின் குடும்பமும் அரசாங்க நிவாரணம் வாங்கிச் சாப்பிடும் நிலைக்கு வந்தது. ஜோ தொழிற்பள்ளியில் மர வேலை பழகினார். பின்னர் ஃபோர்டு கம்பெனியின் ரூஜ் ஆலையிலும் உழைத்தார். பிள்ளை வயலின் கற்றுக்கொள்ளட்டும் என்று தாய் கொடுத்த காசைப் பையன் குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கொண்டுபோனான், கையுறையை வயலின் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், அந்தத் தாய் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு என்பதில் சந்தேகமில்லை.

1932-ல் அவருடைய முதல் பந்தயம். எதிரி ஜானி மைலர் என்ற ஒலிம்பிக் வீரர். ஜோ திரும்பத் திரும்ப அடி வாங்கிக் கீழே விழுந்தார். ஒவ்வொரு தடவையும் எழுந்தார். பரிசு என்ன தெரியுமா? கடையில் 7 டாலருக்குச் சாமான் வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு. அதற்குப் பிறகு மறுபடியும் ஆலை வேலை, மறுபடியும் பயிற்சி. 1934-ல் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு ஜூலை 4-ந் தேதி சிகாகோவில் பணத்துக்காக ஆடிய முதல் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே வென்றார். கிடைத்த கூலி 59 டாலர்.

கை ஓங்கலாம், தலை நிமிரக் கூடாது

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஜோ லூயிஸுக்கு முன்னால் ஒரே ஒரு கறுப்பர்தான் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றிருந்தார். அவர் ஜாக் ஜான்ஸன். 1908 டிசம்பர் 26-ந் தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் பட்டம் பெற்றார். வெள்ளையர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓய்வு பெற்றிருந்த ஜெஃப்ரீஸை இழுத்து வந்து 1910-ல் அவரோடு மோதவிட்டார்கள். ஜான்ஸன் அவரையும் வீழ்த்தினார். அன்று இரவே பல நகரங்களில் கறுப்பு மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஜான்ஸன் தலை வணங்காதவர். வெள்ளைக்காரப் பெண்களோடு வாழ்ந்தார், வென்றால் சிரித்தார். அதற்காகவே 1913-ல் ஒரு வழக்கில் அவரைக் குற்றவாளியாக்கினார்கள். நாடு விட்டு நாடு அலைந்தார். பின்னர் திரும்பி வந்து சிறைக்குப் போனார். அந்தத் தீர்ப்புக்கு அமெரிக்க அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது 2018-ல்தான். மனிதர் இறந்து 72 ஆண்டு ஆனபிறகு!

1915-ல் ஜான்ஸன் தோற்றார். அதிலிருந்து 22 ஆண்டுகள் ஒரு கறுப்பரைக்கூட அந்தப் பட்டத்துக்கு மோத விடவில்லை. திறமை இல்லாமலா? கதவு சாத்தியிருந்தது.

ஆகவே ஜோ லூயிஸின் மானேஜர்கள் அவருக்குக் கட்டளைகள் போட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்த எதிரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வென்றாலும் துள்ளக் கூடாது. யோசித்துப் பாருங்கள்: வெள்ளைக்கார வீரர்களுக்கு இப்படி ஒரு கட்டளை உண்டா? கோதாவில் கை ஓங்கலாம். வெளியில் தலை நிமிரக் கூடாது. இந்த நிபந்தனையின் பேரில்தான் அவருக்குக் கதவு திறந்தது.

கதவு திறந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. 1935 ஜூன் 25-ந் தேதி நியூயார்க்கில் 60,000 பேருக்கு மேல் கூடிய மைதானத்தில் இத்தாலிய ராட்சதர் கார்னெராவை ஆறாவது சுற்றில் சாய்த்தார். அப்போது முசோலினி எத்தியோப்பியாவின் மேல் படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தான், அக்டோபரில் படையெடுத்தான். கார்னெரா விழுந்தபோது கறுப்பு மக்கள் அதை ஒரு விளையாட்டாக மட்டும் பார்க்கவில்லை.

கையில் பணம் வந்தவுடன் ஜோ லூயிஸ் செய்த காரியம் ஒன்று உண்டு. நெருக்கடிக் காலத்தில் தன் குடும்பம் வாங்கிய நிவாரணப் பணத்தை அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டினார். இதையும் நினைவில் வையுங்கள்.

124 விநாடி

1936 ஜூன் 19-ந் தேதி ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்மெலிங்குடன் மோதினார். ஷ்மெலிங் அனுபவசாலி. ஜோ இடது கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் தாழ்த்துகிறார் என்பதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். அந்த இடைவெளியில் வலது கையைச் செலுத்திச் செலுத்திப் பன்னிரண்டாவது சுற்றில் ஜோவை வீழ்த்தினார். ஹிட்லர் கூட்டம் இதைப் பிடித்துக்கொண்டது. ஆரிய இனம் உயர்ந்தது என்பதற்கு இதோ சாட்சி என்று கூத்தாடியது.

ஜோ தன் குறையைத் திருத்திக்கொண்டார். 1937 ஜூன் 22-ந் தேதி சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது சுற்றில் வென்று உலக சாம்பியன் ஆனார். பிராடக்கும் ஒரு தொழிலாளிதான். கப்பல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நிவாரணம் வாங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். ஆக, ஒரு ஏழை இன்னொரு ஏழையை அடித்துத்தான் மேலே வர வேண்டியிருந்தது. மேடைக்குக் கீழே டிக்கெட் பணத்தை எண்ணியவர்கள் யாரும் அடி வாங்கவில்லை.

சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22-ந் தேதி, ஷ்மெலிங்குடன் மறு பந்தயம். அந்த மார்ச் மாதம்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தான். யுத்த மேகம் சூழ்ந்திருந்தது. நியூயார்க் மைதானத்தில் 70,000 பேர். கோடிக்கணக்கானோர் ரேடியோ முன்னால். மணி அடித்தது. 124 விநாடி! இரண்டு நிமிஷமும் நாலு விநாடியும். ஷ்மெலிங் திரும்பத் திரும்ப விழுந்தார். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கறுப்பு மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் தெருவெல்லாம் ஜனசமுத்திரம். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற பேச்சு இரண்டு நிமிஷத்தில் மண்ணைக் கவ்வியது.

ஷ்மெலிங்கைப் பற்றியும் நியாயம் சொல்ல வேண்டும். அவர் நாஜிக் கட்சியில் சேராதவர். தன் யூத மானேஜரைக் கைவிட மறுத்தவர். 1938 நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களில் இரண்டு யூதச் சிறுவர்களை மறைத்து வைத்துக் காப்பாற்றியவர். வேறு, ஹிட்லர் வேறு, ஜெர்மானியர் வேறு. பின்னாளில் ஜோவும் அவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

ஆனால் தோழர்களே, அதே 1938-ம் ஆண்டில் அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துத் தூக்கிலிடும் கொடுமையைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. தென்மாநில செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். அப்படி ஒரு தேசியச் சட்டம் நிறைவேறியது 2022-ல்தான். ஹிட்லரின் ஆளை அடித்தபோது ஜோ அமெரிக்க வீரர். தன் சொந்த அலபாமாவில் அவர் தீண்டத்தகாதவர்.

பட்டாளத்தில்

1942 ஜனவரியில் ஜோ லூயிஸ் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சேரும் தறுவாயில் கடற்படை நிவாரண நிதிக்காக ஒரு பந்தயம் ஆடித் தன் பங்கை நன்கொடையாகக் கொடுத்தார். மார்ச்சில் தரைப்படை நிதிக்காக இன்னொரு பந்தயம். அந்தக் கடற்படையில் அப்போது கறுப்பர்களுக்கு என்ன இடம்? சமையல் கூடமும் எடுபிடி வேலையும்தான். அந்தப் படைக்கு அவர் ஏன் கொடுத்தார் என்று கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் கோளாறு ஏராளம் இருக்கிறது, ஆனால் ஹிட்லர் வந்து அதைத் தீர்க்கப் போவதில்லை என்பது அவர் கருத்து.

பட்டாளத்தில் அவர் வாய் மூடி இருந்தார் என்று நினைக்காதீர்கள். கான்ஸாஸ் மாநிலத்து முகாமில், படித்த கறுப்பு இளைஞர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்ஸன். பின்னர் 1947-ல் பேஸ்பால் விளையாட்டில் நிறத்தடையை உடைத்தவர். ஜோ தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் தலைநகரம் வரை விஷயத்தைக் கொண்டுபோனார். கதவு திறந்தது. அலபாமாவில் ஒரு முகாமின் பஸ் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒதுக்கிய இடத்தில் நின்றதற்காக, உலக சாம்பியனாகிய அவரை ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உடம்பில் நாட்டின் சீருடை. அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் உத்தரவு 1948 ஜூலை 26-ந் தேதிதான் வந்தது.

கணக்குப் புத்தகம் மறுபடியும்

இனி நமது கேள்விக்கு வருவோம்.

ஜோ லூயிஸின் பந்தயங்கள் அவர் பேரில் ஈட்டிய பணம் 46 லட்சம் டாலருக்கு மேல். அவர் கைக்கு வந்து சேர்ந்தது சுமார் 8 லட்சம். ஆறில் ஒரு பங்கு! மிச்சம் எங்கே போயிற்று? மானேஜர்களுக்குப் பாதி. பயிற்சியாளருக்கு, பந்தயச் செலவுக்கு, வரிக்கு என்று பல பங்கு. போட்டி நடத்திய மைக் ஜேக்கப்ஸ் என்னும் பெரிய காண்டிராக்டருக்குத் தனி லாபம். பிராடக்கை மோதச் சம்மதிக்க வைப்பதற்கு, அடுத்த 10 ஆண்டு ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளில் வரும் லாபத்தில் 10 சதவீதம் பிராடக்குக்கு என்று ஜேக்கப்ஸ் ஒப்பந்தம் போட்டார். ஜோவின் முஷ்டி இன்னும் பட்டத்தை வெல்லவில்லை. அதற்குள் அந்த முஷ்டியின் 10 ஆண்டு விளைச்சல் பங்கு போடப்பட்டுவிட்டது. பச்சைப் பயிரை அடகு வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பட்டாளத்தில் சிப்பாய்ச் சம்பளத்தில் இருந்த காலத்தில் குடும்பச் செலவுக்கு ஜேக்கப்ஸிடமும் மானேஜரிடமும் அட்வான்ஸ் வாங்கினார். 1946-ல் பில்லி கானுடன் ஆடிய மறு பந்தயத்தில் அவர் பங்கு 6 லட்சம் டாலருக்கு மேல். அட்வான்ஸ் பிடித்தம், பாக்கி பிடித்தம், வரிப் பிடித்தம் போக மிஞ்சியது சொற்பம். அலபாமா பருத்திக் காட்டில் அவர் தந்தை கண்ட அதே கணக்கு!

பிறகு வரி இலாகா வந்தது. படை நிதிக்கு அவர் கொடுத்த நன்கொடைப் பணமும் அவர் வருமானமாகவே எழுதப்பட்டது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பாக்கியின் மேல் வட்டி, வட்டியின் மேல் அபராதம். 1950-களின் முடிவில் அது 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ஓய்வு பெற்ற மனிதர் வரி கட்டுவதற்காக மறுபடியும் கோதாவில் இறங்கினார். 1951 அக்டோபர் 26-ந் தேதி, 37-வது வயதில், செருப்பு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனான ராக்கி மார்ஸியானோ அவரை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். வென்ற மார்ஸியானோவே கண் கலங்கினார் என்பார்கள். 1953-ல் தாய் லில்லி இறந்தார். மகனுக்கு அவர் விட்டுச் சென்ற சில நூறு டாலரையும் வரி இலாகா எடுத்துக்கொண்டது. குடும்பம் வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கட்டிய பிள்ளைக்கு நாடு செய்த கைம்மாறு இது! 1956-ல் குஸ்திக் கோதாவில் வேடிக்கை காட்டவும் இறங்கினார். 1960-களின் தொடக்கத்தில்தான் இலாகா பழைய பாக்கியை விட்டுப் பிடித்து, அந்தந்த ஆண்டு வருமானத்துக்கு மட்டும் வரி கேட்கச் சம்மதித்தது.

அவர்மேல் குறையே இல்லையா? உண்டு. காசைக் காசாக எண்ணாமல் செலவழித்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். பந்தயம் கட்டித் தோற்றார். தெரியாத வியாபாரங்களில் போட்டு இழந்தார். ஆனால் தாராளமாகச் செலவழித்த முதலாளி எத்தனை பேர் இப்படித் தெருவுக்கு வந்தார்கள்? அவர்களுக்குக் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. ஜோ லூயிஸுக்குக் கை மட்டுமே அவருடையது. கணக்கு எப்போதும் வேறொருவருடையது.

ஒற்றைக் கையும் பல கைகளும்

அவர் விட்டு வந்த ரூஜ் ஆலையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அங்கே தங்கிய தொழிலாளிகள் உலகப் புகழ் பெறவில்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. 1937-ல் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போனவர்களைக் கம்பெனி அடியாட்கள் ஆலை வாசலிலேயே அடித்து நொறுக்கினார்கள். 1941 ஏப்ரலில் ஆலை முழுவதும் வேலைநிறுத்தம். கறுப்பரை வெள்ளையருக்கு எதிராக நிறுத்தப் பார்த்தது நிர்வாகம், கடைசியில் பலிக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஃபோர்டு கம்பெனி முதன்முதலாகச் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. கூலி என்ன, பிடித்தம் என்ன என்பது காகிதத்தில் ஏறியது. அதே ஜூன் மாதத்தில்தான் ஜோ லூயிஸ் பில்லி கானைப் பதின்மூன்றாவது சுற்றில் வீழ்த்தி உலகத்தை வியக்க வைத்தார். ஆனால் அவருக்குச் சங்கம் இல்லை. கணக்கைக் காட்டு என்று அவருக்காகக் கேட்க ஒருவரும் இல்லை.

குத்துச்சண்டை நடத்துகிறவர்கள் தங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பதை வீரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2000-ல். முகம்மது அலியின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. ஜோ லூயிஸ் பட்டம் வென்று 63 ஆண்டு கழித்து!

அவர் தோற்றுப்போன மனிதர் அல்ல. 1952 ஜனவரியில், கோதாவை விட்டபிறகு, கோல்ஃப் போட்டி ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். வெள்ளையர் மட்டுமே ஆடலாம் என்று அந்தச் சங்கத்தின் விதி, வாசலில் தடுத்தார்கள். இம்முறை அவர் முஷ்டியை எடுக்கவில்லை. பத்திரிகைகளைக் கூட்டி உரக்கப் பேசினார். அவரை மட்டும் ஆட விட்டார்கள். உடன் வந்த கறுப்புத் தொழில் ஆட்டக்காரர் பில் ஸ்பில்லரை விடவில்லை. சண்டை நின்றுவிடவில்லை. மற்றவர்களும் தொடர்ந்து போராடினார்கள். 1961-ல் அந்த விதியே நீக்கப்பட்டது.

1981 ஏப்ரல் 12-ந் தேதி ஜோ லூயிஸ் லாஸ்வேகாஸில் காலமானார். ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். 69 பந்தயங்களில் 66 வெற்றி. 1986-ல் டெட்ராய்ட் நகரத்தின் நடுவில் அவர் நினைவாக 24 அடி நீளத்தில் ஒரு வெண்கலக் கையை, மூடிய முஷ்டியோடு தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கை பெருமைக்குரியது. கறுப்புத் தோலும் பருத்திக் காட்டுப் பிறப்பும் இழிவல்ல என்று கோடிப் பேருக்குக் காட்டிய கை அது. ஆனால் ஒற்றைக் கை எவ்வளவு வலுவாக இருந்தாலும் பட்டத்தைத்தான் பறிக்க முடியும்; கணக்குப் புத்தகத்தைப் பறிக்க முடியாது. அதற்குப் பல கைகள் வேண்டும். வரும் கூலி நாளில் உங்கள் கூலிச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிடித்தம் எவ்வளவு, எதற்கு என்று கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். சேர்ந்து போய்க் கேளுங்கள்.